ஸ்வெட்டருக்கு ஸ்லீவ் சரியாகப் பொருந்த: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கையால் ஸ்வெட்டர் பின்னுகிறவர்கள் என்னிடம் கேட்கும் சந்தேகங்களில் பெரும்பாலானவை ஸ்லீவைப் பற்றியவைதான். முன்பாகமும் முதுகும் அழகாக வந்துவிடுகின்றன. ஸ்லீவை வைத்துப் பார்க்கும்போதுதான் மனசு விட்டுப்போகிறது. ஸ்லீவில் தெரியும் குறை பல நேரம் ஸ்லீவில் பிறந்ததே இல்லை, ஆர்ம்ஹோலிலும் (உடம்புப் பகுதியில் ஸ்லீவ் சேரும் திறப்பு) தோளிலும் பிறந்தது என்பதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்லிவருகிறேன். கீழே உள்ள பதில்களிலும் அது அடிக்கடி வரும்.

குழப்பம் வராமல் இருக்க, உடம்பின் கையைக் ‘கை’ என்றும் ஸ்வெட்டரின் கையை ‘ஸ்லீவ்’ என்றும் எழுதுகிறேன். ஆர்ம்ஹோலில் உட்காரும்படி அக்குளுக்கு மேலே வளைவாகக் குறைத்துப் பின்னும் பகுதி ‘மேல்வளைவு’. கணக்கு வரும் இடங்களில் எல்லாம் 10 செ.மீ.க்கு 22 கண்ணி, 30 வரிசை என்ற ஒரே கேஜைத்தான் (பின்னலின் நெருக்கத்தைச் சொல்லும் கணக்கு) வைத்திருக்கிறேன். அந்த இடத்தில் உங்கள் எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஸ்லீவுக்கு என்னென்ன அளவு எடுக்கணும்? மார்பு சுற்றளவு மட்டும் போதாதா?

போதாது. பேட்டர்ன்கள் (எழுதிவைத்த பின்னல் குறிப்புகள்) மார்புச் சுற்றளவை வைத்துத்தான் ஸ்லீவின் அளவையும் ஊகிக்கின்றன. ஒரே மார்பளவு உள்ள இருவரின் கைகள் ஒரே மாதிரி இருக்கவேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. மணிக்கட்டின் சுற்றளவு, மேல்கையில் அக்குளை ஒட்டிய பருமனான இடத்தின் சுற்றளவு, அக்குளிலிருந்து மணிக்கட்டு வரை நீளம், தோள் எலும்பின் முனையிலிருந்து அக்குள் வரை ஆழம், முதுகில் ஒரு தோள் முனையிலிருந்து மறு தோள் முனை வரை அகலம் ஆகியவற்றை எடுங்கள். கையை லேசாக மடக்கி வைத்து நீளம் எடுங்கள். நேராகத் தொங்கவிட்டு எடுத்தால், எதையாவது எடுக்கக் கையை நீட்டும்போது மணிக்கட்டு வெளியே தெரியும்.

இதோடு நன்றாகப் பொருந்துகிற பழைய ஸ்வெட்டர் ஒன்றைத் தரையில் விரித்து அதையும் அளந்துகொள்ளுங்கள். டேப்பை எவ்வளவு இழுத்துப் பிடித்தோம் என்ற சந்தேகம் அங்கே வராது.

மேல்கை 30 செ.மீ. இருந்தா ஸ்லீவையும் 30 செ.மீ.க்கே போடலாமா? லூஸ் எவ்வளவு விடணும்?

பின்னல் துணி இழுபடும் என்பதால் போட முடியும். ஆனால் உள்ளே சட்டை போட முடியாது, கையை மடக்கும்போது பிடிக்கும், முழங்கையில் சீக்கிரம் தேயும். ஆர்ம்ஹோலில் வளைவாகத் தைக்கும் ஸ்லீவுக்கு மேல்கையில் 4 முதல் 6 செ.மீ. லூஸ் விடுங்கள். மெல்லிய நூலில் உடம்போடு ஒட்டி வேண்டுமென்றால் 2 செ.மீ. வரை குறைக்கலாம். தடித்த நூலானால் துணியின் தடிமனே உள்ளே இடத்தை எடுத்துக்கொள்ளும், அதற்கும் சேர்த்து விடுங்கள்.

தோள் இறங்கிய டிராப் ஷோல்டர் வகைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அதில் வளைவு இல்லாததால் கை அசையத் தேவையான இடத்தை லூஸ்தான் தரவேண்டும். 8 முதல் 12 செ.மீ. வரை விடுவது வழக்கம்.

மாதிரித் துண்டு பின்னித்தான் ஆகணுமா? ஸ்லீவ் சின்னதுதானே?

கேஜை அளக்க முன்கூட்டியே பின்னிப் பார்க்கும் அந்தச் சிறு துண்டு ஸ்லீவுக்குத்தான் அதிகம் தேவை. உடம்புப் பகுதியில் வரிசைக் கணக்கு தவறினால் இஞ்ச் டேப் வைத்துப் பார்த்து நிறுத்திக்கொள்ளலாம். ஸ்லீவிலோ கண்ணி கூட்டுவதும் குறைப்பதும் வரிசையை எண்ணித்தான் நடக்கின்றன. ஆகவே 10 செ.மீ.க்கு எத்தனை கண்ணி என்று பார்ப்பவர்கள் எத்தனை வரிசை என்பதையும் கட்டாயம் பார்க்கவேண்டும்.

துண்டைத் துவைத்து, காயவைத்து, பிறகு அளங்கள். இயந்திரத்தில் துவைக்கலாம் என்று பக்குவப்படுத்திய கம்பளி நூல் நனைந்ததும் நன்றாகத் தளர்ந்து நீளும். பருத்தி, மூங்கில், அல்பாக்கா நூல்கள் தம் எடையாலேயே தொங்கி நீளும். அவற்றில் பின்னுவதானால் துண்டை ஓரிரு நாள் கிளிப்பில் தொங்கவிட்டு அளப்பது நல்லது. இதற்கெல்லாம் பொறுமை இல்லையென்றால் முதலில் ஒரு ஸ்லீவைத் தொடங்கிவிடுங்கள். 15 செ.மீ. வந்ததும் துவைத்து அளந்தால் அதுவே உங்கள் மாதிரித் துண்டு.

கஃபிலிருந்து (மணிக்கட்டுப் பட்டி) அக்குள் வரைக்கும் எத்தனை வரிசைக்கு ஒருதடவை கண்ணி கூட்டறது?

மேல்கை 30 செ.மீ., லூஸ் 4 செ.மீ., ஆக 34 செ.மீ. அதை 2.2-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 75 கண்ணி. இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு கண்ணி தையலில் போய்விடும் என்பதையும் நினைவில் வைத்து 76 என்று கொள்வோம். கஃபுக்கு மேலே 20 செ.மீ. அகலம் என்றால் 44 கண்ணி. வித்தியாசம் 32. ஒரு தடவைக்கு இரு ஓரத்திலும் ஒவ்வொன்று கூட்டுவதால் மொத்தம் 16 தடவை.

இனி நீளம். கஃபின் ரிப் (இழுபடும் வரிப் பின்னல்) போக அக்குள் வரை 38 செ.மீ. என்றால் 114 வரிசை. கடைசி 4 செ.மீ., அதாவது 12 வரிசை, கூட்டாமல் நேராகப் போகவேண்டும். அதுதான் கையின் பருமனான இடம். மீதி 102 வரிசையில் 16 தடவை என்றால் 6 வரிசைக்கு ஒன்று. 96 வரிசையில் கூட்டுதல் முடிந்து மிச்சமாகும் 6 வரிசையும் நேர்ப்பகுதியோடு சேர்ந்துவிடும். ஓரக் கண்ணியிலேயே கூட்டாமல் ஒரு கண்ணி உள்ளே தள்ளிக் கூட்டினால் தைக்கும்போது ஓரம் சுத்தமாக இருக்கும்.

முன்கை பருமனாக உள்ளவர்கள் முதலில் 4 வரிசைக்கு ஒன்றாகச் சில தடவை கூட்டிவிட்டு, பிறகு இடைவெளியை அதிகமாக்கலாம். சமமாகப் பங்கிடுவது கட்டாயமில்லை.

பேட்டர்ன்ல சொன்ன வரிசையை எண்ணி எண்ணித்தான் போட்டேன். ஆனாலும் விரல் மறையற அளவுக்கு நீளமா வந்துடுச்சே?

உங்கள் வரிசை பேட்டர்ன் எழுதியவரின் வரிசையைவிட உயரமாக இருந்திருக்கும். மேலே சொன்ன அதே 114 வரிசையை 10 செ.மீ.க்கு 27 வரிசை வரும்படி பின்னுகிறவர் பின்னினால் 38-க்குப் பதில் 42 செ.மீ. வந்துவிடும். மூன்று வரிசை வித்தியாசம் 4 செ.மீ. ஆகிவிட்டது. கண்ணிக் கணக்கு சரியாக இருக்கும்போதுகூட இது நடக்கும், அதனால்தான் பலருக்குக் காரணம் பிடிபடுவதில்லை.

இன்னொரு காரணமும் உண்டு, இதைப் பலர் சந்தேகிப்பதே இல்லை. ஸ்வெட்டரின் தோள் உங்கள் தோளைவிட அகலமாக இருந்தால் தையல் கோடு கையின் மேல் இறங்கிவிடும். எவ்வளவு இறங்கியதோ அவ்வளவு ஸ்லீவ் நீளும். தையல் கோடு எங்கே நிற்கிறது என்று கண்ணாடியில் பாருங்கள். தோள் எலும்பைத் தாண்டி 3 செ.மீ. கீழே இருந்தால், ஸ்லீவைப் பிரித்துக் குட்டையாக்குவதைவிடத் தோளைச் சரிசெய்வதே நல்லது. தோள் தையலின் உட்புறம் நீளாத நாடா ஒன்றைச் சரியான அளவுக்கு வைத்துத் தைத்தாலே ஓரளவு மேலே ஏறும்.

முதல் ஸ்வெட்டருக்கு எந்த மாதிரி ஸ்லீவ் சுலபம்?

டிராப் ஷோல்டர்தான் சுலபம். உடம்பு நேர்க்கட்டம், ஸ்லீவின் மேல் ஓரமும் நேர்க்கோடு. அக்குளில் துணி மடிந்து நிற்கும் என்பது அதன் குறை. அக்குளில் சில கண்ணிகளை மூடி (ஊசியிலிருந்து இறக்கி முடித்து) உள்ளே தள்ளிய வகையில் அந்த மடிப்பு குறையும். என் தேர்வு அதுதான்.

ராக்லன் வகையில் ஸ்லீவ் கழுத்து வரை சாய்வாகப் போகும், தைக்க வளைவே இல்லை. 1815-இல் வாட்டர்லூ போரில் வலது கையை இழந்த பிரிட்டிஷ் தளபதி ராக்லன் பிரபுவின் பெயரால் அழைக்கப்படுவது இது. கை அசைய நல்ல வசதி. ஆனால் தோள் குறுகியவர்களுக்கு அந்தச் சாய்வு தோளை இன்னும் சரிவாகக் காட்டும். உடம்போடு பொருந்தி உட்காரவேண்டுமென்றால் மேல்வளைவை ஆர்ம்ஹோலில் உட்காரவைத்துத் தைக்கும் செட்-இன் வகைக்கு ஈடில்லை. உழைப்பும் அதற்குத்தான் அதிகம்.

டிராப் ஷோல்டர்ல ஸ்லீவ் நீளத்தை எப்படிக் கணக்குப் போடறது? அக்குளிலிருந்து அளந்தா எப்பவும் தப்பா வருது.

அக்குளை மறந்துவிடுங்கள். பிடரியின் நடு எலும்பிலிருந்து தோள் வழியாக மணிக்கட்டு வரை அளங்கள். அது 74 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஸ்வெட்டரின் மார்புச் சுற்றளவு 104 செ.மீ. என்றால் அதில் கால்பங்கு 26. நடு முதுகிலிருந்து ஸ்லீவ் தையல் வரை உடம்புத் துணியே 26 செ.மீ. போய்விடுகிறது. மீதி 48 செ.மீ.தான் ஸ்லீவின் நீளம், கஃபையும் சேர்த்து.

அதே ஆளுக்கு 120 செ.மீ. சுற்றளவில் தொளதொளவென்று போட்டால் 44 செ.மீ. போதும். உடம்பின் லூஸை மாற்றும்போதெல்லாம் ஸ்லீவின் நீளமும் மாறும். மேல் ஓரத்தின் அகலம் ஆர்ம்ஹோலின் ஆழத்தைப்போல் இரண்டு மடங்கு இருக்கவேண்டும். ஆழம் 20 என்றால் அகலம் 40.

செட்-இன் ஸ்லீவோட மேல்வளைவை நானே கணக்குப் போட முடியுமா? அதுதான் பயமா இருக்கு.

முடியும். மேல்வளைவின் விளிம்பும் ஆர்ம்ஹோலின் விளிம்பும் ஏறத்தாழ ஒரே நீளம் இருக்கவேண்டும் என்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டால் பயம் போய்விடும். மேல்வளைவு ஒன்றிரண்டு செ.மீ. கூடுதலாக இருக்கலாம், குறையக் கூடாது.

மேலே வந்த 76 கண்ணி ஸ்லீவையே எடுத்துக்கொள்வோம். ஆர்ம்ஹோலின் ஆழம் 20 செ.மீ. மேல்வளைவின் உயரம் அதில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 13 செ.மீ. ஏறத்தாழ 39 வரிசை. உடம்புப் பகுதியில் அக்குளுக்கு ஒவ்வொரு பக்கமும் 5, பிறகு 3 என்று கண்ணி மூடியிருந்தால் இங்கேயும் அதையே செய்யுங்கள்: இரண்டு வரிசையின் தொடக்கத்தில் 5, அடுத்த இரண்டில் 3. மீதி 60. ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை, இரு ஓரத்திலும் ஒவ்வொன்றாக 15 தடவை குறைத்தால் 30 வரிசையில் 30 கண்ணிக்கு வரும். அடுத்த நான்கு வரிசையின் தொடக்கத்தில் மும்மூன்று மூடினால் மீதி 18, அதாவது 8 செ.மீ. அதை ஒரே மூச்சில் மூடிவிடலாம்.

இதன் விளிம்பு ஏறத்தாழ 46 செ.மீ. வரும். முன், பின் இரண்டு ஆர்ம்ஹோல் விளிம்பையும் அளந்து கூட்டிப் பாருங்கள். 45, 46 என்று வந்தால் நிம்மதியாகத் தைக்கலாம். பின்னுவதற்கு முன்பே சரிபார்க்கவேண்டுமென்றால் காகிதத்தில் உண்மையான அளவில் வரைந்து, விளிம்பின்மேல் ஒரு நூலை வைத்து, பிறகு அந்த நூலை அளங்கள்.

எனக்கு மேல்கை கொஞ்சம் பருமன். ஸ்லீவை மட்டும் பெரிய சைஸ்ல போட்டா ஆர்ம்ஹோல்ல உட்காரவே மாட்டேங்குது.

விளிம்பு நீண்டுவிட்டது, அதனால்தான். ஸ்லீவை அகலமாக்கினால் மேல்வளைவைத் தாழ்த்தவேண்டும். முந்தைய பதிலின் ஸ்லீவில் 8 கண்ணி கூட்டி 84 ஆக்கினால் அகலத்தில் மூன்றரை செ.மீ.க்குச் சற்று அதிகமாகக் கிடைக்கும். இப்போது 15-க்குப் பதில் 19 தடவை குறைக்கவேண்டும். அதை அதே 30 வரிசையில் செய்தால் விளிம்பு 2 செ.மீ. நீளும். 26 வரிசையில் முடித்தால் (12 தடவை ஒவ்வொரு வரிசையிலும், 7 தடவை வரிசை விட்டு வரிசையும்) பழைய 46 செ.மீ.க்கே வந்துவிடும்.

இந்த வழியில் 4 செ.மீ. வரை அகலமாக்கலாம். அதற்கு மேல் தேவைப்பட்டால் ஆர்ம்ஹோலையும் 1 அல்லது 2 செ.மீ. ஆழமாக்குங்கள். உடம்பைப் பின்னுவதற்கு முன்பே இதை முடிவுசெய்துவிடவேண்டும் என்பதால்தான் மேல்கை அளவை முதலிலேயே எடுக்கச் சொன்னேன்.

தைக்கும்போது ஒரு பக்கம் துணி மிச்சமாகுது, இன்னொரு பக்கம் இழுக்குது. எங்கேருந்து ஆரம்பிக்கணும்?

எல்லாத் துண்டுகளையும் நனைத்து, அளவுக்கு விரித்துக் காயவைத்த பிறகுதான் ஊசியைத் தொடவேண்டும். சுருண்ட ஓரத்தோடு தைத்தால் எங்கே தொடங்கினாலும் இழுக்கும்.

மேல்வளைவின் நடுவைத் தோள் தையலோடும், அக்குளில் மூடிய கண்ணிகளை உடம்பில் மூடியவற்றோடும் சேர்த்துக் கிளிப் போடுங்கள். இடையில் இன்னும் இரண்டு கிளிப். தைப்பதைத் தோளின் நடுவிலிருந்து தொடங்கி ஒரு பக்கமாக அக்குள் வரை போங்கள், பிறகு மறு பக்கம். மிச்சத் துணி ஏதாவது இருந்தால் தோள் தையலுக்கு இருபுறமும் ஐந்தாறு செ.மீ.க்குள் பரப்பிவிடுங்கள். அக்குள் பக்கம் தள்ளவே தள்ளாதீர்கள், அங்கே சுருக்கம் அப்பட்டமாகத் தெரியும்.

தைச்சு முடிச்சா தோள்ல குமிழ் மாதிரி புடைச்சு நிக்குது. பிரிச்சுத்தான் ஆகணுமா?

முழுதாக வேண்டாம். மேல்வளைவு உயரமாகிவிட்டது, அல்லது கடைசியில் மூடிய நேர்ப்பகுதி மிகக் குறுகிவிட்டது. தோளைச் சுற்றித் தையலை மட்டும் அவிழ்த்து, மேல்வளைவின் கடைசி ஆறேழு வரிசையைப் பிரித்து, அங்கேயே சற்று வேகமாகக் கண்ணி மூடி முடியுங்கள். பெரும்பாலும் அதுவே போதும்.

கையைத் தூக்கினா முழு ஸ்வெட்டரும் மேலே ஏறுது. ஆர்ம்ஹோலை இன்னும் பெருசாக்கட்டுமா?

கூடாது, அப்படிச் செய்தால் இன்னும் மோசமாகும். ஆர்ம்ஹோலின் அடி அக்குளுக்கு வெகு கீழே இருப்பதுதான் பெரும்பாலும் காரணம். இடுப்பிலிருந்து அக்குள் வழியாக மணிக்கட்டு வரை போகும் ஓரத்தை நினைத்துப் பாருங்கள். கை தூக்கும்போது நீளவேண்டியது அந்த ஓரம்தான். ஆர்ம்ஹோல் கீழே இறங்க இறங்க அந்த ஓரம் குறுகுகிறது, அதனால் ஸ்லீவ் உடம்பைப் பிடித்து மேலே இழுக்கிறது. அக்குளுக்கு 2 முதல் 3 செ.மீ. கீழே ஆர்ம்ஹோல் நின்றால் போதும். மேல்வளைவு உயரமாகவும் குறுகலாகவும் இருந்தாலும் இதே தொல்லை வரும். தாழ்வான, அகலமான மேல்வளைவில் கை தாராளமாக அசையும், பதிலுக்குக் கையைத் தொங்கவிடும்போது அக்குளில் கொஞ்சம் மடிப்பு விழும். இரண்டில் உங்களுக்கு எது முக்கியம் என்று நீங்கள்தான் தேர்ந்தெடுக்கவேண்டும்.

பின்னி முடித்த ஸ்வெட்டரானால் அக்குளில் டைமண்ட் வடிவச் சிறு துண்டு ஒன்றைப் பின்னிச் சேர்க்கலாம். பிரிட்டிஷ் கடலோர மீனவர்கள் வலை இழுக்கும்போது அணிந்த ஸ்வெட்டர்களில் அந்தத் துண்டு தொடக்கத்திலிருந்தே இருந்தது.

தோள்லேருந்து கண்ணி எடுத்துக் கீழ்நோக்கிப் பின்னலாம்னு சொல்றாங்களே, அது நல்லதா?

நீளத்தில் சந்தேகம் உள்ளவர்களுக்கு அதைவிட நல்ல வழி இல்லை. போட்டுப் பார்த்துப் பார்த்துப் பின்னலாம், கஃப் கிழிந்தால் அதைமட்டும் பிரித்துப் புதிதாகப் போடலாம். மேலே சொன்ன மீனவர் ஸ்வெட்டர்கள் அப்படித்தான் பின்னப்பட்டன. வளரும் பிள்ளைகளுக்கும் இதையே சொல்வேன்.

விளிம்பில் ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு கண்ணி எடுத்தால் ஸ்லீவ் அலையலையாக விரியும். நம் கேஜில் 30 வரிசைக்கு 22 கண்ணி, அதாவது 4 வரிசைக்கு 3 கண்ணி. மூன்றை எடுத்து ஒன்றைத் தாண்டுங்கள். அக்குள் மூலையில் ஓட்டை விழுவது சகஜம். அங்கே இரண்டு பக்கமும் ஒவ்வொரு கண்ணி கூடுதலாக எடுத்து, அடுத்த சுற்றில் பக்கத்துக் கண்ணியோடு சேர்த்துப் பின்னிவிட்டால் மூடிக்கொள்ளும். உடம்பைத் தட்டையாகவும் ஸ்லீவை வட்டமாகவும் பின்னும்போது பலருக்குக் கேஜ் மாறுகிறது, ஆகவே பத்து செ.மீ. வந்ததும் ஒருமுறை அளந்து பாருங்கள்.

ரெண்டு ஸ்லீவும் எனக்கு ஒரே அளவா வர்றதே இல்லை. என்ன பண்ணலாம்?

நீண்ட வட்ட ஊசி ஒன்றில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில், தனித்தனி நூலுருண்டையில் ஒரே நேரத்தில் பின்னுங்கள். கை இறுகினாலும் தளர்ந்தாலும் இரண்டிலும் ஒன்றுபோல வரும். அப்படி முடியாதவர்கள் முதல் ஸ்லீவில் எத்தனையாவது வரிசையில் கூட்டினோம் என்பதை எழுதி வையுங்கள். இரண்டாவதை டேப்பால் சரிபார்க்காமல் வரிசையை எண்ணிச் சரிபாருங்கள்.

எல்லாம் தைச்சாச்சு. இப்போ 5 செ.மீ. நீளம் அதிகம்னு தெரியுது. இனிமே ஒண்ணும் செய்ய முடியாதா?

முடியும். தோள்வரை பிரிக்கத் தேவையே இல்லை. கஃபிலிருந்து மேல்நோக்கிப் பின்னிய ஸ்லீவானால், முதலில் கஃபுக்கு மேலே 5 செ.மீ. தள்ளி ஒரு வரிசையின் எல்லாக் கண்ணிகளையும் மெல்லிய ஊசியில் கோத்துக்கொள்ளுங்கள். பக்கத் தையலைக் கொஞ்சம் அவிழ்த்துவிட்டு, கோத்த வரிசைக்கு நேர் கீழ் வரிசையின் நடுவில் ஒரே ஒரு கண்ணியை வெட்டி, அந்த நூலை இருபுறமும் உருவுங்கள். கஃப் தனியே வந்துவிடும். ஊசியில் உள்ள கண்ணிகள் 44-ஐவிட அதிகமாக இருக்கும். முதல் வரிசையில் அவற்றைப் பரவலாகக் குறைத்துவிட்டு, ரிப்பைக் கீழ்நோக்கிப் பின்னி, இழுபடும்படி தளர்வாக மூடுங்கள்.

இணைப்பில் கண்ணிகள் அரைக் கண்ணி நகர்ந்து நிற்கும். வெற்றுப் பின்னலில் அது கண்ணுக்குத் தெரியாது, ரிப்பின் நடுவில் இணைத்தால் தெரியும். ஆகவே ரிப்புக்குள் வெட்டாமல் அதற்கு மேலே வெட்டுங்கள். குட்டையான ஸ்லீவை நீட்டவும் இதே வழிதான். அதற்கு அதே சாயத் தொகுதி நூல் மிச்சம் இருக்கவேண்டும்.

நீளம் சரி. மேல்கைதான் இறுக்கிப் பிடிக்குது. அதுக்கும் வழி உண்டா?

ஒன்றிரண்டு செ.மீ. என்றால் நனைத்து, அந்த இடத்தை மட்டும் இழுத்துக் குண்டூசி குத்திக் காயவைக்கலாம். கம்பளி அதைத் தாங்கும், ஆனால் ஒவ்வொரு துவைப்புக்குப் பிறகும் திரும்பச் செய்யவேண்டியிருக்கும், நீளமும் கொஞ்சம் குறையும். பருத்தியும் அக்ரிலிக்கும் இதற்கு ஒத்துவராது.

3, 4 செ.மீ. போதவில்லை என்றால் ஸ்லீவின் பக்கத் தையலையும் அதை ஒட்டி உடம்பின் பக்கத் தையலில் சிறிது தூரத்தையும் அவிழ்த்து, கீழே கூர்மையாகவும் அக்குளில் அகலமாகவும் இருக்கும் நீண்ட முக்கோணத் துண்டு ஒன்றைப் பின்னி நடுவில் வைத்துத் தையுங்கள். அதன் அகலமான முனை அக்குளைத் தாண்டி உடம்பின் பக்கத் தையலுக்குள்ளும் கொஞ்சம் இறங்கி முடியட்டும், அப்போது ஆர்ம்ஹோலின் அளவும் அதற்கேற்பக் கூடும். துண்டை ரிப் பின்னலில் போட்டால் தேவைக்கேற்ப இழுபடும். கையின் உட்பக்கம் என்பதால் வெளியே தெரியாது.